பெரியம்மாவின் வலது கை

கல்யாண வீட்டில் வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவார்கள். வராதவர்களைப் பற்றிப் பேசுவார்கள். 2023-ஆம் வருஷம் தை மாதம் தஞ்சாவூரில் என் தம்பியின் கல்யாணம் நடந்தபோது, பந்திக்குப் பந்தி பேசப்பட்டவர் என் பெரியம்மாதான்.

"பேராவூரணி என்ன ஏழு கடலுக்கு அப்பாலா இருக்கு? பஸ்ஸிலே ஏறி உட்கார்ந்தா மூணு மணி நேரம் ஆகுமா?" என்றாள் ஒரு அத்தை.

"கஜா புயல்லே போன தோப்பு மறுபடியும் பாளை விட்டிருக்கில்லே, அதான் கால் தரையிலே பாவலை" என்றாள் இன்னொருத்தி.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எனக்கும் மனத்தாங்கல்தான். என் அம்மா பள்ளிக்கூடத்து ஆசிரியை. கோடை விடுமுறை வந்ததோ இல்லையோ, எங்களைப் பேராவூரணியில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். அங்கே தினமும் சாயங்காலம் பெரியம்மா என்னைத் திண்ணையில் உட்கார்த்தி, தலையில் எண்ணெய் வைத்து, இழுத்து வாரி இரட்டைச் சடை பின்னுவார். "வலிக்குது பெரியம்மா!" என்று கத்துவேன். "வலிச்சாத்தான்டி சடை நிக்கும்" என்பார். அப்படிப்பட்டவர் தம்பியின் கல்யாணத்துக்கு வராவிட்டால் எப்படி இருக்கும்?

சென்னைக்குத் திரும்பிய மறுநாளே டெலிபோனில் பிடித்தேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "வலது கை தூக்க வரலைடி. ஆடி மாசத்திலேருந்து இப்படித்தான். பட்டுப் புடவையை எப்படிக் கட்டுவேன்? சம்பந்தி வீட்டுப் பொம்பளைங்க முன்னாலே எவளாவது எனக்கு ரவிக்கைக்குக் கொக்கி மாட்டி விடணுமா? அதான் வரலை. யார்கிட்டேயும் சொல்லிடாதே."

பத்திரிகைக் காரியாலயத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. எதைப் பற்றிக் கேட்டாலும் கால் மணி நேரத்தில் நாலு கட்டுரையைப் படித்துவிட்டு, நாற்பது வருஷ அனுபவம் உள்ளவர்கள் மாதிரி யோசனை சொல்லுவோம். நானும் சொன்னேன். சுவரில் விரலை வைத்துப் பல்லி மாதிரி மேலே ஏற்றச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை ஏற்றச் சொன்னேன். "வலிச்சாத்தான் பெரியம்மா சரியாகும்" என்றேன். போதாதற்கு, விளம்பரத்தைப் பார்த்து, கிடுகிடுவென்று நடுங்கும் மின்சாரப் பிடிப்பு இயந்திரம் ஒன்றையும் தபாலில் அனுப்பி வைத்தேன். கடமையை முடித்துவிட்ட திருப்தியில் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் டெலிபோன் செய்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள். "அக்கா, பெரியம்மா ராத்திரி எல்லாம் தூங்கறதே இல்லை. நாற்காலியிலே உட்கார்ந்தே இருக்காங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாள்.

நாலு நாள் லீவு போட்டுக்கொண்டு கிளம்பினேன். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகப் பஸ். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து விளைந்து நின்றது. பட்டுக்கோட்டை தாண்டியதும் நெல் குறைந்து தென்னை அதிகமாகும். 2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் அடித்த கஜா புயலில் இந்தப் பக்கத்துத் தோப்புகள் தீக்குச்சி மாதிரி ஒடிந்து கிடந்ததை நான் நேரில் பார்த்தவள். இப்போது அவற்றில் எல்லாம் குட்டைத் தென்னைகள். பெரியப்பா போன பிறகு, மகன் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்ட பிறகு, அப்படி ஒரு தோப்பைத் தனியாக நட்டு, தண்ணீர் கட்டி வளர்த்தவர் என் பெரியம்மா. அந்த மனுஷிக்குத் தன் தலையைத் தானே முடிந்துகொள்ள முடியவில்லை.

வாசலில் கோலம் இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

உள்ளே போனால், நான் அனுப்பிய இயந்திரம் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. பெரியம்மா இளைத்திருந்தார். கூந்தலை இடது கையால் ஒரு துணி நாடாவில் எப்படியோ சுருட்டிக் கட்டியிருந்தார். நான் வருவேன் என்று எதிர்பார்க்கவில்லை. சட்டென்று முந்தானையைத் தலையோடு இழுத்து அதை மறைத்துக்கொண்டார்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. சுவரில் விரலை ஏற்றி ஏற்றி வலி அதிகமானதும், யாரோ சொன்னார்கள் என்று பக்கத்து ஊரில் எலும்புக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் போயிருக்கிறார். அவர் இவரைப் பாயில் படுக்க வைத்து, அக்குளில் முழங்காலை ஊன்றி, கையைப் பிடித்து ஒரே இழுப்பாகத் தலைக்கு மேலே இழுத்திருக்கிறார். பெரியம்மாவுக்குக் கண் இருண்டுவிட்டது. அதற்கு முன்னால் தோள் மட்டம் வரையாவது தூக்க முடிந்த கை, அதற்குப் பிறகு இடுப்புக்கு மேலே எழும்பவில்லை.

"ஏன் பெரியம்மா போனீங்க?" என்றேன்.

"வலிச்சாத்தான் சரியாகும்னு நீ சொன்னே. அவரும் அதையேதான் சொன்னார். படிச்ச பொண்ணும் படிக்காத வைத்தியரும் ஒண்ணு போலச் சொன்னா நான் நம்பாம என்ன செய்வேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலாம். சாதாரணமாகச் சொன்னார்.

மறுநாள் பட்டுக்கோட்டையில் ஓர் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் செய்த சோதனை ரொம்பச் சுலபம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை மட்டும் கதவு திறப்பதைப் போல வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். பெரியம்மாவால் முடியவில்லை. பிறகு அவரே மெதுவாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் திரும்பவில்லை. தசைநார் கிழிந்தவர்களுக்குச் சொந்த முயற்சியில் கை எழும்பாது, பிறர் தூக்கினால் பெரும்பாலும் எழும்பும். யார் தூக்கினாலும் எழும்பாமல் பூட்டிக்கொண்டிருந்தால் அதுதான் ஃப்ரோஸன் ஷோல்டர் என்கிற 'உறைந்த தோள்' என்றார். எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பில் பழுது ஒன்றும் இல்லை.

தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அது வீங்கி, தடித்து, சுருங்கிப்போவதுதான் இந்த உபாதை. முதல் சலவையிலேயே சுருங்கிவிட்ட புது ரவிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். கை உள்ளே போகும். ஆனால் தூக்க முடியாது, பின்னால் கொண்டுபோக முடியாது. பலவந்தமாகத் தூக்கினால் தையல் விடும். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் வருவது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் அதிகம். ஜப்பானியர்கள் இதற்கு 'ஐம்பது வயதுத் தோள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

"சர்க்கரை பார்த்தீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது பெரியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு வருஷமாகச் சர்க்கரை உண்டாம். புயலுக்குப் பிறகு செலவுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டாராம். தென்னங்கன்று வாங்கப் பணம் இருந்திருக்கிறது; மாத்திரைக்கு இல்லை. இது எனக்கும் தெரியாது, சிங்கப்பூரில் இருக்கிற மகனுக்கும் தெரியாது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 210 இருந்தது. தோள் வலிக்கிறது என்று ஏழு மாதமாகப் பல பேரிடம் காட்டியிருக்கிறார். ரத்தத்தைச் சோதித்துப் பார் என்று ஒருவராவது சொல்லவில்லை, நான் உள்பட. வீட்டில் யாருக்காவது தோள் இறுகினால், எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுவதற்கு முன்னால் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள் என்று இதைப் படிக்கிற சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். விழுந்து அடிபட்டு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, நெஞ்சு அடைப்போடு இடது தோளில் இறங்கும் வலி ஆகியவை வேறு சங்கதி. அவற்றுக்கு வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது ஒரு வழி. ஆரம்ப மாதங்களில் வலியைத் தணிக்க அது நன்றாக உதவும். ஆனால் ஊசி போட்டால் சில நாளைக்குச் சர்க்கரை ஏறும். "முதல்லே சர்க்கரையைக் கட்டுப்படுத்துவோம். அது வரைக்கும் ஊசி, கத்தி இல்லாம என்ன முடியுமோ பார்ப்போம். யாரையும் கையைப் பிடிச்சு இழுக்க மட்டும் விடாதீங்க" என்றார் டாக்டர். இந்தத் தோளுக்கு வலிக்கும் காலம், இறுகும் காலம், இளகும் காலம் என்று மூன்று பருவம் உண்டாம். எல்லாம் முடிய ஒரு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் பிடிப்பு கடைசிவரை நிற்கும்.

"மூணு வருஷமா?" என்று நான் வாயைப் பிளந்தேன். பெரியம்மா அசரவில்லை. "கடைமடைக்குத் தண்ணி எப்பவும் மெதுவாத்தான் வரும்" என்றார். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாகப் பேராவூரணிக்கு எப்போது வரும் என்று வருஷம் தவறாமல் காத்திருந்து பழகியவர் அல்லவா!

'உறைந்த தோள்' என்று பெயரிட்டவர் பாஸ்டன் நகரத்து அறுவைச் சிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் காட்மன். மேட்டூர் அணை திறந்த அதே 1934-ஆம் வருஷம், தோளைப் பற்றியே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். விளக்குவதும் கடினம், வைத்தியம் செய்வதும் கடினம் என்று அதில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மனிதர் பெரிய பிடிவாதக்காரர். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன்னிடம் வந்துபோன ஒவ்வொரு நோயாளியையும் பிற்பாடு தேடிப் பிடித்து, உண்மையிலேயே குணமாயிற்றா என்று கணக்கு எழுத வேண்டும் என்று சண்டை போட்டவர். சக டாக்டர்கள் இதை விரும்பவில்லை என்று சொல்லவும் வேண்டுமா? இடுப்பை வளைத்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு, கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட்டும் பயிற்சிக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

இதை அந்த டாக்டர் அனுப்பி வைத்த பிஸியோதெரபிப் பெண் செய்து காட்டினாள். இருபத்தைந்து வயதிருக்கும். முக்காலியில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் துவள விட்டு, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றச் சொன்னாள். பெரியம்மாவுக்குப் பிடிபடவில்லை, கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் யோசித்துவிட்டு, "கோலம் போடுவீங்கல்ல, அப்படி நினைச்சுக்குங்க. மாவு மட்டும் கையிலே இல்லை" என்றாள். அடுத்த நிமிஷம் பெரியம்மாவின் கை தானாகவே தளர்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே வட்டம் போட ஆரம்பித்தது. காட்மன் பாஸ்டனில் கண்ட உபாயத்தை நம் வீட்டுப் பெண்கள் தினமும் விடியற்காலையில் வாசலில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வலி வந்ததும் முதலில் கைவிடுகிற காரியமும் அதுதான்.

இன்னொரு பயிற்சிக்கு உத்தரத்தில் ஒரு கப்பி மாட்ட வேண்டும் என்றாள் அந்தப் பெண். கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து, நல்ல கை இறங்கினால் நோயுள்ள கை தன் முயற்சி இல்லாமலே மேலே போகும். கடையில் விற்கிறதாம். பெரியம்மா சிரித்தார். மோட்டார் போட்ட பிறகு யாரும் தொடாத கிணற்று ராட்டினம் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்தது. தோப்பு வேலைக்கு வருகிற ஆள் அதைத் துடைத்து எண்ணெய் விட்டு, பின்கட்டு உத்தரத்தில் கட்டிக் கொடுத்தார். தேங்காய்நார்க் கயிறு கையை அறுக்காமலிருக்க, முனைகளில் பழைய வேட்டியைச் சுற்றினோம்.

அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சித்த வைத்தியப் பிரிவு இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஒன்றில் இருந்த அம்மையாரிடமும் காட்டினோம். இதைக் 'கும்பவாதம்' என்று சொன்னார். வாத நோய்களை 80 என்று கணக்கிட்ட யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூலில் இது ஒன்று. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மகாராஜா தன்வந்திரி மகால் அமைத்துப் பல முறை வைத்தியர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தவர். அந்தக் கால முறைகளைச் சரஸ்வதி மகால் நூலகம் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று புத்தகங்களாக வெளியிட்டிருக்கிறது. ஆக, டாக்டரும் சித்த வைத்தியரும் ஒரே தோளைப் பார்ப்பது எங்கள் ஜில்லாவுக்குப் புதிதல்ல.

உடம்பு பிடித்துவிடுவதற்குச் சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று பெயர். அதில் ஒன்பது விதம். "இழுக்கறதும் முறுக்கறதும் உங்களுக்கு இப்ப ஆகாது. தட்டறதும், மெதுவாப் பிடிக்கறதும், லேசா அசைக்கறதும் போதும்" என்றார் அந்த அம்மையார். உளுந்துத் தைலம் கொடுத்தார். நொச்சித் தழையும் தவிடும் உப்பும் வறுத்துத் துணியில் முடிந்து பத்துப் பதினைந்து நிமிஷம் ஒற்றடம் கொடுக்கச் சொன்னார். ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும், அதனால் முடிச்சின் சூட்டை இன்னொருவர் தம் முன்கையில் வைத்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்த உத்தியோகம் கொடுக்கப்பட்டது.

இந்தத் தைலமும் ஒற்றடமும் உறையை இளக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சுற்றியுள்ள தசை வலியில் இறுகிப்போயிருக்கிறதே, அதைத் தளர்த்தும். தளர்ந்த பிறகு பயிற்சி செய்தால் கை பயப்படாமல் வரும். பெரியம்மா ஒற்றடம் முடிந்த கையோடு ராட்டினத்தடியில் போய் நிற்பார். ராத்திரி மல்லாந்து படுத்து, கை பின்னால் சரியாதபடி முழங்கையின் கீழ் ஒரு தலையணை. ரவிக்கை போடும்போது நோயுள்ள கையை முதலில் நுழைப்பது. கழற்றும்போது கடைசியில் எடுப்பது. முன்பக்கம் கொக்கி வைத்து நாலு ரவிக்கை தைத்துக்கொண்டார். பிஸியோதெரபி நிலையத்தில் வைத்த மின்சார அதிர்வுச் சிகிச்சை அன்றைய சாயங்காலத்துக்குச் சுகமாக இருந்தது என்றார், அவ்வளவுதான். உறவினர் ஒருவர் கொடுத்த காந்த வளையல் கைக்கு அழகாக இருந்தது.

மெதுவாகச் செய்தால் போதும் என்று மூன்று பேரும் சொன்னது என் பத்திரிகைப் புத்திக்கு உறைக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன், இந்தத் தடவை ஒழுங்காக. ஹாலந்து தேசத்தில் 77 நோயாளிகளை இரண்டு வருஷம் கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று கிடைத்தது. ஒரு பகுதியினருக்கு வலியையும் மீறித் தோளை நீட்டி இழுக்கும் தீவிரப் பயிற்சி. மற்றவர்களுக்கு நோயை விளக்கிச் சொல்லி, வலி தாங்குகிற அளவுக்குள் மட்டும் கையை அசைக்கச் சொன்னார்கள். முடிவில், மெதுவாகப் போனவர்களில் நூற்றுக்கு 89 பேருக்குத் தோள் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்திருந்தது. வலிக்க வலிக்க இழுத்தவர்களில் 63 பேருக்குத்தான். இங்கிலாந்தில் 503 பேரை வைத்து நடத்தி 2020-ல் வெளியான இன்னொரு பரிசோதனையில், மயக்க மருந்து கொடுத்துத் தோளை அசைத்து விடுவது, உறையைக் கத்தியால் விடுவிப்பது, ஊசியோடு சேர்த்துப் பிஸியோதெரபி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், ஒன்று மற்றொன்றைவிடச் சொல்லும்படியாக உசத்தி என்று தெரியவில்லை.

அந்த ராத்திரி பேராவூரணிக்கு டெலிபோன் செய்து, நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். "எது?" என்றார் பெரியம்மா. "வலிச்சாத்தான் சரியாகும்னு சொன்னேனே, அது." மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "அது நான் உனக்குச் சொன்னதுதானேடி!"

லீவு முடிந்து நான் கிளம்பிய நாளைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். காலையில் பெரியம்மா சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் திண்ணையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஏழு மாதச் சிக்கு. அரை மணி நேரம் ஆயிற்று. வலிக்காமல் எடுக்க வேண்டும் என்று எனக்குக் கை நடுங்கியது.

காட்மன் சொன்னபடி, பிற்பாடு போய்ப் பார்த்துக் கணக்கு எழுத வேண்டும் அல்லவா? 2024 சித்திரையில் நீலகண்டப் பிள்ளையார் கோயில் திருவிழாச் சமயம் போனேன். வாசலில் ஐந்து புள்ளிக் கோலம் இருந்தது. பின்கட்டுச் சுவரில், மாதா மாதம் விரல் எட்டிய உயரத்தைக் கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருந்தார். முதல் நாலு கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. எது எந்த மாதம் என்றே தெரியவில்லை. அடுத்தது ஒரு விரற்கடை. அதற்கடுத்தது நாலு விரற்கடை. கடைசிக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. மாத்திரையை மறுபடி நிறுத்தவில்லை என்பதற்குச் சாட்சியாக, மருந்துச் சீட்டுகளை ஆணியில் குத்தி வைத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் கொக்கி மாட்ட இன்னும் வரவில்லை. "முன் கொக்கிதான் சௌகரியம், போடி" என்கிறார். கொண்டையை மட்டும் தானே போட்டுக்கொள்கிறார்.

சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பும்போது, சீப்பை வைத்துவிட்டு இடது தோளை லேசாக அழுத்திக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன்.

"என்ன பெரியம்மா?"

"ஒண்ணுமில்லே. பத்து நாளா இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்குது."

ஒரு தோளில் வந்தவர்கள் சிலருக்கு மறு தோளிலும் வரும் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். முழங்கையை விலாவில் ஒட்டி முன்கையைத் திருப்பச் சொன்னேன். பாதிதான் திரும்பியது. என் முகம் மாறியதைப் பார்த்து அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

"நாளைக்குக் காலைலே பட்டுக்கோட்டைக்குப் போவோம். ராட்டினம் மாட்டித்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, பின்கட்டுக்குப் போய் முக்காலியைத் தூக்கி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார். வலது கையால்தான் தூக்கினார்.